பால்மரமும் பலகையும்

ரப்பர் மரத்தைப் பற்றித் தோட்டப்புற மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, இருட்டோடு இருட்டாக நிரைக்குள் நுழைந்து பால் வெட்டியவர்கள் நாம். அல்லது அப்படி வெட்டியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இலை எப்போது உதிரும், மழை வந்தால் மங்கில் உள்ள பால் என்னவாகும், எந்த மரம் கொடுக்கும், எந்த மரம் ஏமாற்றும் என்பதெல்லாம் நமக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்தவை.

ஆனால், அந்த மரத்தின் பாலை அறிந்த அளவுக்கு அதன் கட்டையை நாம் அறிந்திருக்கிறோமா? "பால் வற்றினால் விறகு" என்பதுதான் தோட்டத்துப் பேச்சு. அடுப்புக்கு ஆகும், புகைக்கூடத்துக்கு ஆகும், வேறு எதற்கும் ஆகாது என்று அந்த மரத்தை ஒதுக்கி வைத்திருந்தோம். இன்று அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கட்டிலாகவும் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகிறது. விறகு எப்படிப் பலகையாயிற்று? இதைத் தெரிந்துகொள்ள, மரத்தைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த அறிவிலிருந்து தொடங்குவோம்.

தமிழ் இலக்கண நூல்களுள் மிகப் பழையது தொல்காப்பியம். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் கூறிய அந்த நூல், மரத்துக்கும் ஓர் இலக்கணம் கூறுகிறது. உள்ளே வயிரம் பாய்ந்தவை மரம். வெளிப்புறத்தில் வயிரம் கொண்டவை புல். இதுதான் அதன் பாகுபாடு. ஆகவே பனையும் தென்னையும் மூங்கிலும் எவ்வளவு உயரமாக வளர்ந்தாலும் புல் வகையைச் சேர்ந்தவை. தேக்கும் வேங்கையும் பலாவும் மரங்கள். உள்வயிரத்துக்கு அகக்காழ் என்றும், புறவயிரத்துக்குப் புறக்காழ் என்றும் பெயர். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. தென்னை மரத்தை அறுத்தவர்களுக்கு இது விளங்கும். அதன் உறுதியெல்லாம் ஓரத்தில் இருக்கும். நடுப்பகுதி சோறு போல மெத்தென்றிருக்கும்.

இந்தப் பாகுபாடு ஏட்டுப் படிப்பால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது. வாய்ச்சியும் உளியும் பிடித்த தச்சர்களின் அனுபவமும் அதில் கலந்திருக்கிறது. மரத்தை வாங்கப் போகிற தச்சர் முதலில் பார்ப்பது வயிரத்தைத்தான். நடுவில் கருத்தும் சிவந்தும் இருப்பது வயிரம். அதைச் சுற்றி வெளுத்திருப்பது வெளிறு. வெளிற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வயிரத்தை மட்டுமே நிலைக்கும் கதவுக்கும் எடுப்பார். வெளிற்றில் பூச்சி விழும் என்பது அவருக்குத் தெரியும்.

எந்த வேலைக்கு எந்த மரம் என்பதிலும் அவர்கள் கணக்காக இருந்தார்கள். ஏருக்கும் வண்டிக்கும் கருவேலம். கோயில் தேருக்கு இலுப்பையும் தேக்கும். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் பலா. நாதசுரத்துக்கு ஆச்சா மரம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நாதசுரம் கடைகிறார்கள். அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மேளம் முழங்கியபோது, பலா மரமும் ஆச்சா மரமும் சேர்ந்தே ஒலித்தன. நாம் அதை மேளச் சத்தம் என்று மட்டுமே கேட்டோம்.

மரத்தை நம்மவர்கள் பொருளாக மட்டும் பார்க்கவில்லை. சங்க காலத்து அரசர்களுக்குக் காவல்மரம் உண்டு. பகைவன் அந்த மரத்தை வெட்டிவிட்டால், அரசனையே வென்றதற்கு அது சமம். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்திப்பூ, பாண்டியனுக்கு வேப்பம்பூ என்று மூவேந்தருக்கும் மரத்தின் பூவே அடையாளமாயிற்று. கோயில்களுக்குத் தலமரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்நாவல். தில்லை மரத்தால்தான் சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே வந்தது.

கடல் கடந்து வந்தபோதும் நம் மக்கள் இந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டு வந்தார்கள். தோட்டங்களில் பல கோயில்கள் ஒரு மரத்தடியில்தான் தொடங்கின. முதலில் ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. பிறகு ஒரு கூரை. அதற்கும் பிறகுதான் கட்டடமும் கோபுரமும். மரமே முதல் கோயில் என்று சொன்னால் அது மிகையாகாது.

நேயர்களே, நாம் வாழ வந்த பேராக் மாநிலமும் மரத்தால் பெயர் பெற்ற மண்தான். ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்துக்கும் பால் உண்டு. ஆனால் அது நஞ்சு. காட்டில் வாழும் பூர்வகுடி மக்கள் அந்தப் பாலைக் காய்ச்சி, ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவி வேட்டையாடினார்கள். பேராக்கில் வாழும் தெமியார், செமாய் மக்கள் அந்த ஊதுகுழலை நீண்ட கணுவுள்ள மூங்கிலால் செய்கிறார்கள். ஈப்போ இரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் ஓர் ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்கு நஞ்சுப் பால் மரம் பெயர் கொடுத்தது. ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களுக்கு ரப்பர்ப் பால் மரம் பிழைப்புக் கொடுத்தது.

மலாய் மக்களின் மரவேலைத் திறனைக் காண வேண்டுமானால் கோலகங்சாருக்குப் போக வேண்டும். அங்கே புக்கிட் சந்தானில் இஸ்தானா கெனாங்கான் என்ற மர அரண்மனை இருக்கிறது. 1926-ஆம் ஆண்டில் சுல்தான் இஸ்கந்தர் ஷா காலத்தில் கட்டப்பட்டது. ஓர் இரும்பு ஆணிகூட அடிக்காமல் எழுப்பிய கட்டடம் என்பது அதன் பெருமை. ஒரு மரத்தில் துளை, மற்றொரு மரத்தில் அந்தத் துளைக்குள் சரியாகப் பொருந்தும் கழுந்து. இடையே ஒரு மர முளை. இப்படிக் கோத்தே முழு வீட்டையும் நிறுத்தினார்கள். சுவர்கள் மூங்கிலை முடைந்து செய்தவை. நம் ஊர்த் தச்சர்களும் இதே முறையில்தான் தேருக்கும் கதவுக்கும் மரத்தைப் பூட்டினார்கள். மொழி வேறு, சமயம் வேறு. மரத்துக்குமுன் கைப்பழக்கம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களிலும் மரமே தாங்கு தூண். ஈய மணலைத் தண்ணீரோடு ஓடவிட்டுப் பிரிப்பதற்கு, வானத்தை நோக்கி ஏணி சாய்த்தது போல உயரமான மரச் சாரம் கட்டுவார்கள். பாலோங் என்று அதற்குப் பெயர். 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாலோங்குகளும் பிரித்துப் போடப்பட்டன. கம்பீரமாக நின்ற அந்த மர வேலையைப் பழைய படங்களில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைதான் இன்றைய பிள்ளைகளுக்கு.

மரத்தை வெட்டியும் காட்டைக் காக்கலாம் என்பதற்கும் பேராக்கிலேயே சான்று உண்டு. தைப்பிங்கை அடுத்த மாத்தாங் அலையாத்திக் காடு 1902-ஆம் ஆண்டு முதல் திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காட்டில், ஒரு பகுதியை முழுவதுமாக வெட்டினால் 30 ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் அங்கே முழு வெட்டு நடக்கும். அந்த மரத்தைக் கோல செபெத்தாங்கில் சூளையில் வைத்துக் கரியாக்குகிறார்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால், பாட்டன் வெட்டிய காட்டில் பேரனும் பிழைக்கலாம்.

இனி நம் ரப்பர் மரத்துக்கு வருவோம். அது இந்த மண்ணின் மரம் அன்று. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் மிகச் சிறு பகுதியே முளைத்தது. முளைத்தவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில், அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தொடக்க காலத்தைச் சேர்ந்த ஒரு முதிய மரம், மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. கோலகங்சார் வழியாகப் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

மரம் வந்துவிட்டது, ஆனால் அதைக் காயப்படுத்தாமல் பால் எடுக்கும் முறை வந்தாக வேண்டுமே. பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குத் தலைவராக வந்த ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லச் சீவி, அதே வெட்டை மறுபடியும் திறந்து பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும். வளர்ந்த பட்டையில் மறுபடியும் வெட்டலாம்.

அந்த முறையைத் தினமும் செய்து காட்டியவை யாருடைய கைகள்? நம் தாத்தா பாட்டிகளின் கைகள்தாம். பட்டைக்கு உள்ளே, மரத்தை ஒட்டி, ஒரு மெல்லிய உயிர்ப்படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் மரத்தில் காயம் விழும். காயம் ஆறினால் முண்டு விழும். முண்டு விழுந்த இடத்தில் பிறகு சரியாகப் பால் வெட்ட முடியாது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. அந்த இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய நகக்கனத்தில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே சீராகக் கத்தியை ஓட்ட வேண்டும். சிற்பியின் உளிக்கு நாம் கொடுக்கும் மதிப்பில் ஒரு பங்கையாவது இந்தக் கத்திக்கும் கொடுக்க வேண்டும். பால்வெட்டைக் கூலி வேலை என்று மட்டுமே எழுதி வைத்தார்கள். மரம் அறிந்த கையின் தொழில் என்று அதை நாமாவது சொல்ல வேண்டும்.

லயத்து வீட்டுக்குள்ளும் மரச்சாமான்கள் இல்லாமல் இல்லை. உரலும் உலக்கையும், உட்காரும் மணைப்பலகை, அரிவாள்மணையின் அடிக்கட்டை, தேங்காய் துருவும் பலகை, மத்து, அகப்பை, தொட்டில் கம்பு, பாலை இரு வாளிகளில் தூக்கித் தோளில் சுமந்த காண்டாக் கம்பு, தைப்பூசக் காவடி என எத்தனையோ சொல்லலாம். பெரும்பாலும் தோட்டத்திலேயே தச்சு வேலை தெரிந்த ஒருவர் செய்து கொடுப்பார். அவர் இந்த நாட்டு மரங்களைப் பழகிக்கொண்டிருந்தார். செங்ஙால் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரம் பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. கறையான் எளிதில் அதை அரிக்காது. மெர்பாவ் உறுதியும் நிறமும் கொண்டது. மெராந்தி இழைப்பதற்கு எளிது. இவற்றையெல்லாம் தேடிப் பிடித்தவர், கையெட்டும் தூரத்தில் ஆயிரக்கணக்கில் நின்ற ரப்பர் மரத்தை மட்டும் தொடவில்லை. ஏன்?

அவர் தொடாததற்குத் தக்க காரணம் இருந்தது. ரப்பர் மரத்தை அறுத்துப் பார்த்தால் வயிரமும் வெளிறும் பிரித்துச் சொல்ல முடியாதபடி முழுவதும் பாலேடு நிறத்தில் இருக்கும். தச்சர் கணக்கில் அது வயிரமில்லாத மரம். அந்தக் கட்டையில் மாவுச்சத்து நிறைய உண்டு. மாவு இருக்கும் இடத்துக்கு எறும்பு வருவது போல, அந்தக் கட்டைக்குப் பூஞ்சையும் வண்டும் வரும். வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே நீலமும் கருமையுமாகக் கறை படரும். அது பூஞ்சையின் வேலை. பிறகு சிறு வண்டு துளைத்து உள்ளே முட்டையிடும். புழு மரத்தைத் தின்று வளர்ந்து, வண்டாகி வெளியேறும்போது ஊசித் துளைகளும் மாவு போன்ற தூளும் மிஞ்சும். நாற்காலிக் காலடியில் அரிசி மாவு கொட்டியது போலக் கிடந்தால் அதுதான் காரணம். இதுவும் போதாதென்று, சரியாக உலர்த்தாத ரப்பர்ப் பலகை வளையும், முறுக்கிக்கொள்ளும். ஆகவே "இது ஆகாத மரம்" என்று பழைய தச்சர் சொன்னது, அவர் கையிலிருந்த கருவிகளைக் கொண்டு பார்த்தால் சரியான தீர்ப்பே.

அந்தத் தீர்ப்பு எப்படி மாறியது? மரம் மாறவில்லை, மரத்தை நடத்தும் விதம் மாறியது. கெப்போங்கில் உள்ள காட்டியல் ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையங்களில் மர ஆய்வாளர்கள் இந்தக் கட்டையை முறையாக ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டு சொன்ன வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, தாமதம் கூடாது. மரத்தைச் சாய்த்த இரண்டு மூன்று நாள்களுக்குள் அறுத்துவிட வேண்டும். இரண்டாவது, அறுத்த பலகையை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். போராக்ஸ் என்பது வேறொன்றுமில்லை. நம் பொற்கொல்லர்கள் பொன்னை உருக்கிப் பற்றவைக்கும்போது போடுகிற வெண்காரம்தான். அது கட்டையில் ஊறிவிட்டால் வண்டுக்கு அந்த மாவு உணவாகாது, நஞ்சாகும். மூன்றாவது, சூடு காட்டும் அறையில் அடுக்கி ஈரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நான்காவது, ரப்பர் மரம் தாழ்விலேயே கிளைவிடுவதால் நீளமான பலகை கிடைக்காது. ஆகவே சிறு துண்டுகளின் முனையைக் கைவிரல்களைக் கோப்பது போலப் பல்பல்லாக வெட்டி, பசையிட்டுச் சேர்த்து, நீளப் பலகையாக்க வேண்டும்.

நேயர்களே, இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மூங்கிலையும் நாட்டு மரத்தையும் குளத்தில் பல நாள் ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்திப் பயன்படுத்தும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. தண்ணீரில் ஊறும்போது கட்டையிலுள்ள மாவும் சாறும் கரைந்து வெளியேறும். பூச்சிக்குத் தீனி குறையும். குளத்தில் ஊறவைத்த தாத்தா பூச்சியின் உணவை எடுத்துவிட்டார்; உருளையில் ஊறவைக்கும் தொழிற்சாலை அந்த உணவை நஞ்சாக்கிவிடுகிறது. தாத்தாவின் நிழலும் தொழிற்சாலையின் சூட்டறையும் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியேற்றுவதற்கே ஏற்பட்டவை. பழைய அறிவை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதுவே முடிந்த முடிவு என்று நின்றுவிடவும் வேண்டாம். பழையது வழி காட்டியது. புதியது அந்த வழியில் இன்னும் தூரம் போயிற்று.

இப்படிப் பக்குவப்பட்ட ரப்பர்ப் பலகை, எடையில் தேக்குக்கு அருகில் வரும், நிறத்தில் வெளிர்மஞ்சள், இழைத்தால் வழவழப்பாகும், எந்தச் சாயத்தையும் ஏற்கும். 1980-ஆம் ஆண்டுகள் தொடங்கி மலேசியாவின் தளவாடத் தொழில் இந்தக் கட்டையை நம்பி வளர்ந்தது. ஜோகூரில் உள்ள மூவார் நகரம் அந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே கட்டை போதாமல் போகவே, 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் அறுத்த ரப்பர்ப் பலகையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்கு அரசாங்கம் தடை விதித்தது. வீணாய்ப் போகும் விறகு என்றிருந்ததை நாட்டைவிட்டு வெளியே விடாதே என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பால் கொடுத்து முடித்து, 25, 30 ஆண்டுகளில் எப்படியும் வெட்ட வேண்டிய மரம் இது. இதைப் பயன்படுத்தும் அளவுக்குக் காட்டு மரம் தப்புகிறது.

ஆனால் இந்த நல்ல செய்திக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. கட்டைக்கு மதிப்பு வருமுன்பே தோட்டங்கள் மறையத் தொடங்கிவிட்டன. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறின. வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அந்த வேளையில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சிறு பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வைத்தார். ஆயினும் காலத்தின் போக்கு நிற்கவில்லை. ஒரு காலத்தில் சுமார் 20 இலட்சம் ஹெக்டராக இருந்த ரப்பர்ப் பரப்பு, இன்று ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எஞ்சியிருப்பதிலும் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. பழைய கித்தாத் தோப்புகளில் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. நகரத்தை ஒட்டியவற்றில் வீடமைப்புத் தாமான்கள் எழுந்துவிட்டன.

பால் வற்றிய மரத்தைச் சாய்த்தபோது, அந்த மரத்தை வெட்டிப் பிழைத்தவர்களும் வேரோடு பெயர்ந்தார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்ன நாளில், லாரியில் ஏறியது எது, ஏறாமல் நின்றது எது? துணிமணியும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஏறின. உரல் கனமென்று விடப்பட்டது. உலக்கை அடுக்குமாடி வீட்டில் எதற்கென்று விடப்பட்டது. காண்டாக் கம்பு அடுப்புக்குப் போயிற்று. கோயில் மரத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. பொருளை இழந்தது மட்டுமல்ல; பொருளின் பெயரையும் இழந்து வருகிறோம். காண்டா என்றால் என்ன, மங்கு என்றால் என்ன, பெரட்டு என்றால் என்ன என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. அவர்கள் கேட்கும் வரையில் நல்லது. கேட்காமல் போகும் நாள்தான் வரக்கூடாது.

ஆகவே நாம் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

வீட்டில் பழைய மரச்சாமான் ஏதேனும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதை ஒரு படம் எடுத்து, அதன் பெயர் என்ன, என்ன மரம், யார் செய்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது என்ற நான்கு செய்திகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியையோ கோயிலையோ கேட்டுப் பாருங்கள். ஒரு மூலையும் ஓர் அலமாரியும் கிடைத்தால் பிள்ளைகள் பார்த்துப் படிக்க ஓர் இடமாகும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கோயிலில் அரசும் வேம்பும் நிற்குமானால் அவற்றைச் சுற்றிச் சிமெண்டை இறுகப் பூசிவிடாதீர்கள். வேருக்குத் தண்ணீரும் காற்றும் போக வழி வேண்டும். கற்பூரத்தையும் விளக்கையும் அடிமரத்தை ஒட்டி ஏற்றாமல் சற்றுத் தள்ளி வையுங்கள். பட்டை கருகினால் மரம் நோயில் விழும். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். புது இடத்துக்குக் கோயில் மாறும்போது, பழைய மரத்தின் விதையோ கன்றோ எடுத்து வந்து புது இடத்தில் நடுங்கள். கட்டடம் புதிதாக இருந்தாலும் மரத்தின் வம்சம் தொடரும்.

ரப்பர் மரத் தளவாடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஊசித் துளையும் மாவுத் தூளும் இருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதை ஈரத் தரையில் நேரே வைக்காமல் காலடியில் ரப்பர் அட்டை கொடுங்கள். மழைச்சாரல் படும் இடத்திலும் கொளுத்தும் வெயிலிலும் வைக்காதீர்கள். மருந்து ஏற்றிய பலகைத் துண்டுகளையும் சாயம் பூசிய மரத்தையும் அடுப்பில் வைத்துச் சமைக்காதீர்கள். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பழைய தோட்டத்து விறகு வேறு, இந்தப் பலகை வேறு.

கடைசியாக, பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி. படிப்பில் நாட்டம் குறைந்த பிள்ளையை "உதவாக்கரை" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தச்சு வேலை என்றால் தாழ்வு என்ற எண்ணமும் இருக்கிறது. இரண்டும் நமக்கு நட்டம். இன்றைய மரவேலை, அளவும் கணக்கும் வரைபடமும் இயந்திரமும் சேர்ந்த தொழில். முறையாகப் பயின்றவர்களுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் போன்ற தகுதிகள் உண்டு. அக்கம்பக்கத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் என்ன பயிற்சி நடக்கிறது, எப்போது ஆள் சேர்க்கிறார்கள் என்று பெற்றோர் நேரில் போய் விசாரியுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நகக்கனத்தில் பட்டை சீவிய பாட்டியின் பேத்திக்கு உளி பிடிக்க வராதென்று யார் சொல்வது? வேலையில் சேர்கிறவர்கள் மரத்தூளுக்கு மூக்குக்கவசம் அணிவதை மட்டும் மறக்கக் கூடாது.

நேயர்களே, வயிரமில்லாத மரம் என்று ஒதுக்கப்பட்ட மரம், பக்குவம் தெரிந்தவர் கையில் வீட்டை அலங்கரிக்கும் பொருளாயிற்று. சாய்த்ததும் காலம் கடத்தாமல் எடுத்ததும், உள்ளே உறுதியேற்றியதும், சிறு துண்டுகளையும் வீணாக்காமல் ஒன்றோடொன்று கோத்ததுமே அதற்குக் காரணம். தோட்டத்தை விட்டு வந்து சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்கும் இந்த மூன்றும்தான் தேவை. காலம் தாழ்த்தாத படிப்பு, உறுதி தரும் கைத்தொழில், ஒருவரையொருவர் விட்டுவிடாத சேர்க்கை.

பால்மரத்தின் பாலால் நம் முன்னோர் பிழைத்தார்கள். அதன் பலகையைப் பற்றிய அறிவு நம் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும்.